வலது கதவின் உள்பலகை

மகனே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சுகம் விசாரித்து, மழை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டு எழுத இப்போது எனக்கு மனமில்லை. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில், தை மாதம் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணைப் பற்றி ஒன்றரை வரி. மீதி முழுவதும் மைனர் உனக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்த அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் புராணம். வெள்ளைக்காரத் துரை ஒருவன் ஆசை தீர ஓட்டிவிட்டு, ஊருக்குக் கப்பலேறும் அவசரத்தில் மைனர் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். பிள்ளை குட்டி என்று குடித்தனம் நடத்தப் போகிறவனுக்கு மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத வண்டியைப் பரிசாகக் கொடுத்த மனுஷனின் யோசனையை நினைத்தால் புல்லரிக்கிறது. வேப்பனப்பள்ளிப் பக்கம் அவருடைய மாந்தோப்புக் கொட்டகையில் அதில் இத்தனை வருஷம் கோழி அடைந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியாது. கோழி எச்சத்தைக் கழுவிக் கொடுத்திருக்கிறார். நீ அதை லாரியில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டு போய், சிநேகிதன் கொட்டகையில் வைத்துப் பூஜை போடுகிறாய். "உங்கம்மா கை பட்ட வண்டிடா இது, உங்கிட்ட இருக்கறதுதான் நியாயம்" என்று மைனர் சொன்னாராம். உனக்குக் கண் கலங்கிவிட்டதாம். கலங்கட்டும், காரணம் பின்னால் வருகிறது.

நீ கேட்டது இதுதான்: வலது கதவின் கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டது, அதை எடுக்க வேண்டுமானால் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும், தோலைக் கிழிக்காமல் கழற்றும் பக்குவம் அம்மாவுக்குத்தான் தெரியும், எழுதி அனுப்பு. பெரிய தொழிற்சாலையில் ஃபிட்டர், சீருடையில் பெயர் தைத்திருக்கிறது, இருந்தும் ஒரு கதவைக் கழற்ற அம்மாவிடம் வழி கேட்கிறாய். கேட்டதில் தப்பில்லை. உன் அப்பா கேட்காமல் கழற்றிய ஆள். ரோட்டோரத்தில் மோட்டார் பட்டறை வைத்து இருபது வருஷம் என்ஜின் பிரித்த மனுஷனுக்கு, உள்பலகை என்றால் மட்டும் ஜென்மப் பகை. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவார், தோல் கிழியும், தெலுங்கில் நாலு வார்த்தை திட்டுவார், பிறகு கிழிந்ததை என் தையல் மெஷின் மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். மூன்றாவது தடவை நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கிக்கொண்டேன். அதன் பிறகு அவர் இறக்கும் வரை, பட்டறைக்கு வந்த எந்த வண்டியின் கதவையும் நான்தான் திறந்தேன். சீட்டு தைக்கத்தான் அந்தப் பட்டறைக்குள் வந்தேன் என்பதை நானே மறந்துவிட்டேன்.

கேட்டுக்கொள். முதல் நாளே தோல் முழுவதும் விளக்கெண்ணெய் தடவி ஊறவிடு. இத்தனை வருஷம் காய்ந்த தோல் அப்பளமாக ஒடியும். மறுநாள் கண்ணாடி சுற்றும் கைப்பிடியைப் பார். அதற்குப் பின்னால் வட்டமாக ஒரு தட்டு இருக்கும். அதைத் திருகாதே, அடிக்காதே. உன்னைப் போன்ற கெட்டிக்காரர்கள் அங்கேதான் சுத்தியலைத் தூக்குவார்கள். தட்டைக் கதவுப் பக்கமாக அழுத்து, உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, அமுங்கும். அமுங்கினால் தண்டில் குறுக்கே குச்சி மாதிரி ஒரு ஊசி தெரியும். மெல்லிய ஆணியால் தட்டினால் வெளியே வரும். கீழே துணி விரித்துக்கொள், இல்லாவிட்டால் அது பறந்து போய் நீ நாள் முழுக்கத் தவழ்வாய். கதவு திறக்கும் கைப்பிடிக்கும் இதே கதைதான். பிறகு, பலகையில் தைத்திருக்கும் கதவுப் பையின் மூலைகளில் நாலு திருகாணி. அவை போனால் பலகையைப் பிடித்திருப்பது ஓரத்தில் உள்ள சின்ன ஆணிகள் மட்டும். தோலை மடித்து மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவிப் பார். நான் இதற்கென்று ஒரு தோசைத் திருப்பியின் நுனியைத் தேய்த்து வைத்திருந்தேன். கீழ் ஓரத்தில் தொடங்கு. ஆணி இருக்கும் இடத்திலேயே தகட்டைக் கொடுத்து மெள்ள நெம்பு. இரண்டு ஆணிக்கு நடுவில் நெம்பினால் பலகை பிளந்துவிடும். ஓர் ஆணியை ஒரேயடியாக எடுக்காதே, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டு போ. கண்ணாடி விழுந்ததற்குக் காரணம் சாதாரணம். அதைத் தாங்கும் தகட்டில் ரப்பர் மக்கிப் போயிருக்கும். புது ரப்பர் வைத்து அழுத்தினால் நின்றுகொள்ளும்.

இதோடு கடிதத்தை முடித்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் பலகை கையோடு வந்ததும் கண்ணாடியை மட்டும் நீ பார்க்கப் போவதில்லை. கதவுக்குள் தகரத்தில் ஒரு அடுக்கு இருக்கும். புட்டிகள் சத்தம் போடாமல் இருக்க அதில் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். பற்றவைப்பு உன் அப்பாவுடையது, துணி என்னுடையது. கதவுப் பைக்குப் பின்னால் தோலோடு தோலாக ஒரு வாய் இருக்கிறது, விரலை விட்டால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். பத்துப் பேர் உற்றுப் பார்த்தாலும் தையல் தெரியாது. அந்தத் தையலைப் போட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எதற்கு என்று நீ கேட்கமாட்டாய், அவ்வளவு மடையன் இல்லை. இந்தப் பக்கம் மதுவிலக்கு, ஜூஜுவாடியைத் தாண்டி மைசூர் ராஜ்ஜியத்தில் கால் வைத்தால் கடை திறந்திருக்கும். மைனருக்கும் அவருடைய சீட்டாட்டக் கூட்டத்துக்கும் சீமைச் சரக்கு இல்லாமல் பொழுது சாயாது. ஊர்க் கூட்டத்தில் மேடையேறி, குடி குடியைக் கெடுக்கும் என்று பேசுகிற மனுஷன், பெங்களூருக்கு வாரம் ஒரு தடவை போய் வருவார். ஓட்டுவது ரகீம் பாய். உனக்கு அவரைத் தெரியும், கிருஷ்ணகிரியில் உன்னைப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டுப் போவாரே, அவர்தான். அங்கே மைனருடைய சிநேகிதர் வீட்டில் வண்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். பாயை வெளியில் டீக்கடையில் உட்கார வைப்பார்கள். சரக்கை அடுக்குவது வீட்டுக்குள் இருக்கும் ஆட்கள். பக்கத்தில் உட்கார்ந்து வருகிற எஜமானின் கதவில் என்ன இருக்கிறது என்று பாய்க்குத் தெரியாது. இதை நான் அனுமானமாகச் சொல்லவில்லை. "டிரைவருக்குத் தெரியக் கூடாது, அவன் தொழுவுற ஆளு, எறங்கிப் போயிடுவான்" என்று மைனரே என் முன்னால் உன் அப்பாவிடம் சொன்னார்.

நீ பெங்களூரில் தொழிற்பள்ளிக்கு மனுப் போட்டிருந்த வருஷம் அது. ரோட்டில் சோதனை கடுமையாகிவிட்டது என்று யாரோ மைனருக்குக் காதில் ஓதியிருக்கிறார்கள். உடனே வீரர் என்ன செய்தார்? தனக்கு அங்கே ஒரு ஜோலி இருப்பதாகவும், வண்டியை ஊருக்குக் கொண்டு போய் விடும்படியும் சொல்லிப் பாயைத் தனியாக அனுப்பிவிட்டு, தான் ரயிலேறி வந்தார். சூளகிரிக்கு முன்னால் புளியமரத்தடியில் போலீஸ் வண்டியை நிறுத்தியது. இடது பக்கத்துக் கண்ணாடியை இறக்கச் சொன்னார்கள். பாதியில் நின்றுவிட்டது. ஏதோ சிக்குகிறது என்று பாய் பலமாகச் சுற்றியிருக்கிறார். உள்ளே ஏதோ உடைந்தது, கதவின் அடியிலிருந்து ஒழுகியது. பாய் குனிந்து, விரலில் தொட்டு மோந்து பார்த்து, "என்னங்கய்யா இது, பேட்டரித் தண்ணியா?" என்று கேட்டாராம். போலீஸ்காரர்கள் சிரித்தார்களாம். கடப்பாரையால் இடது கதவின் பலகையைப் பிய்த்து எறிந்தார்கள். வலது கதவில் கையை விட்டுப் பார்த்தார்கள், அன்றைக்கு அதில் ஒன்றுமில்லை, அதனால் பிய்க்கவில்லை.

மறுநாள் காலையில் மைனர் பட்டறைக்கு வந்தார். வண்டி எண்ணெய்க் கறை படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் ஒண்ணும் கேக்கலம்மா. பையன் பெங்களூர் போவணுமில்ல? சிபாரிசுக் காயிதம் என் சட்டைப் பையிலதான் இருக்குது. யோசிச்சுக்கோ" என்றார். நான் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்து, இந்த வேலையைச் செய்யச் சொன்னது யார் என்று கேட்டபோது, "டிரைவர்தாங்க. வெத்தலைப் பெட்டி, தண்ணிப் புட்டி வைக்க எடம் வேணும்னாரு" என்றேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. உன் அப்பாவைக் கேட்டார்கள். "அவ சொல்றதுதாங்க" என்றார். ஆயுசில் நான் சொன்ன ஒரு பேச்சைக் கேட்டிராத மனுஷன் அன்றைக்கு ஒரு நாள் கேட்டார். கோர்ட்டிலும் அதையே சொன்னோம். பாய் ஒரு பக்கமாக நின்று, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்துப் பேசினேன். ஆறு மாதம் போட்டார்கள். லைசென்ஸ் போனது. மைனர் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று எழுதிக் கொடுத்து வண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். நீ தொழிற்பள்ளிக்குப் போனாய்.

ஆக, உன் சீருடைக்கு உள்ளே இருப்பது இதுதான். "எல்லாம் உனக்காகத்தான் செய்தேன்" என்று எழுதினால் நீ உருகிப் போவாய் என்று தெரியும். அதனால் அப்படி எழுதமாட்டேன். உனக்காகச் செய்தது பாதி. மீதி, பயம். மைனர் பகைத்துக்கொண்டால் பட்டறையை மூட வேண்டும் என்ற பயம். ஒரு டிரைவர்தானே, ஆறு மாதத்தில் வந்துவிடுவார் என்ற திமிரும் அதில் இருந்தது. மைனரை நான் எத்தனை திட்டினாலும், அவர் பாயை என்னவாக நினைத்தாரோ, அன்றைக்கு நானும் அப்படியேதான் நினைத்தேன். உன் அப்பா அதன் பிறகு மைனர் வண்டி வந்தால் பட்டறைக்குப் பின்னால் போய்விடுவார். அதைப் பெரிய தண்டனையாக அவர் நினைத்துக்கொண்டார். பாய் ஜெயிலிலிருந்து வந்த அன்று போய்ப் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு, "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?" என்றார். அதோடு சரி, இரண்டு பேரும் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டோம்.

உன் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. நீ வலது கதவைத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு நாள் நான் வேறு பதில் யோசித்தேன். "நீ தொடாதே, தோல் போய்விடும், நான் வந்து கழற்றித் தருகிறேன்" என்று ஒரு வரி போட்டு, வந்து, அடுக்கைப் பிடுங்கிவிட்டு, எதையெதைச் சுரண்ட வேண்டுமோ சுரண்டிவிட்டு, புதுத் தோல் போட்டு உன் கல்யாணத்தை ஜோராக நடத்திவிடலாம். கார்டு எழுதிக்கூட வைத்துவிட்டேன். அப்புறம் மைனர் சொன்னதாக நீ எழுதியிருந்த வரியைத் திரும்பப் படித்தேன். அம்மா கை பட்ட வண்டி. ஏழு வருஷம் கழித்து, நீயும் நானும் ஒரே கூட்டம்தான் என்று என் மகன் வாயிலாகவே எனக்குச் சொல்லி அனுப்புகிறார். கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, சந்தை நாளன்று குந்தாரப்பள்ளிக்குப் பஸ் ஏறினேன்.

பாய் அங்கேதான் இருக்கிறார். மாட்டுச் சந்தையில் சாக்கு விரித்து, தும்புக் கயிறும் மூக்கணாங்கயிறும் விற்கிறார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு, "எத்தனை முழம் வேணும்?" என்றார். அடையாளம் தெரியவில்லையோ என்று நினைத்தேன். "அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்து, இதுவரை உனக்கு எழுதியதை எல்லாம் நின்றபடியே சொன்னேன். நடுவில் இரண்டு பேர் வந்து கயிறு வாங்கிப் போனார்கள். அவர் அளந்து கொடுத்தார், நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"இதச் சொல்ல ஏழு வருசமா, தங்கச்சி?" என்றார்.

"மன்னிச்சிடுங்கண்ணே."

"சொல்லிட்டே, உனக்கு பாரம் எறங்கிடுச்சு. எனக்கு என்னா எறங்குச்சு?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "எம் பொண்ணுக்கு ரெண்டு எடம் வந்துச்சு. ரெண்டும் கோர்ட்டு விசயத்தச் சொல்லித்தான் திரும்பிப் போச்சு. பள்ளிவாசல்ல மோதினார் ஊருக்குப் போனா நான்தான் தொழுகைக்கு பாங்கு சொல்லுவேன். ஜெயில்ல இருந்து வந்தப்புறம் என்னைய வேணாம்னு ஒருத்தரும் சொல்லல. நானா போய் நிக்கல. சாராயம் கடத்துனவன் கூப்புட்டு நாலு பேரு தொழ வரணுமான்னு எனக்கே இருந்துச்சு. நீ எங்காதுல சொல்லிட்டுப் போயிட்டா நாளைக்கும் நான் அதே ஆளுதான். அடுத்த வெள்ளிக்கெழம ஜும்மா தொழுக முடிஞ்சு எல்லாரும் வெளிய வருவாங்க. அங்க வந்து, எல்லார் முன்னாடியும் சொல்லு. முடியாதுன்னா நகந்துக்கோ, யாவார நேரம்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் போய்ச் சொல்வேன். மறுநாளே மைனர், "புருசன் போனதுல அந்தம்மாவுக்குப் புத்தி கலங்கிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்வார். ஊர் யாரை நம்பும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோர்ட்டில் ஒன்று சொன்னவள் இப்போது வேறொன்று சொல்கிறாள் என்பார்கள், அதுவும் நியாயம்தான்.

அதற்குத்தான் நான் வலது கதவு என்று இத்தனை தடவை எழுதுகிறேன். சீட்டு வேலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலையை வாங்கிக்கொண்டு போன பிறகு, "நான் இப்படிச் சொல்லவில்லையே, அகலமாகக் கேட்டேனே" என்று சண்டைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் தோலை ஒட்டுவதற்கு முன்னால் பலகையின் முதுகில் என்ன வேலை, என்ன அளவு என்று எழுதி, வேலை கொடுத்தவரையே அடியில் கையெழுத்துப் போடச் சொல்வேன். லாரிக்காரர்கள் பெருவிரல் வைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு மைனர் வண்டிக்கு இரண்டு கதவுக்கும் சேர்த்து ஒரு பலகையில்தான் எழுதினேன், வலது பலகையில். பைக்குப் பின்னால் வாய், பக்கத்துக்கு ஆறு புட்டி, டிரைவருக்குத் தெரியாமல் தைக்க வேண்டும் என்பது வரை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நீட்டினேன். "யாருமே பாக்காத எடத்துல கையெழுத்துக் கேக்கற பொம்பள நீ ஒருத்திதாம்மா" என்று சிரித்துக்கொண்டே, மைப் பென்சிலை எச்சிலில் தொட்டு, இங்கிலீஷில் சுழித்துப் போட்டார். தேதியும் போட்டார். அவர்களுக்கெல்லாம் எங்கள் பட்டறையில் போட்ட கையெழுத்து மனதில் நிற்காது. நிற்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. நின்றிருந்தால் அந்த வண்டியை உனக்குக் கொடுத்திருக்கமாட்டார், கொட்டகையோடு கொளுத்தியிருப்பார்.

இன்று சனிக்கிழமை. கடிதம் செவ்வாய்க்கிழமைக்குள் உனக்கு வந்துவிடும். நான் எழுதிய முறைப்படி பலகையைக் கழற்று. கண்ணாடி கிடக்கட்டும். பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து சேர். இது வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள். பெண்ணின் அப்பா பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர்; நம் குடும்பம் எப்படிப்பட்டது என்று மூன்று பேரிடம் விசாரித்த பிறகுதான் தட்டு மாற்றினார். பொய்ச்சாட்சி சொன்னவள் வீட்டில் பெண்ணைக் கொடுக்க அவர் யோசிப்பார். தை மாதம் மேளம் கொட்டாமல் போகலாம். பொய்ச்சாட்சிக்கு என்னைப் பிடித்து உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். உன் வேலை சிபாரிசில் கிடைத்தது என்று தொழிற்சாலையில் உன் காது கேட்கப் பேசுவார்கள். யாரோ சொல்லி அந்தப் பெண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் நீயே அவளுக்கு எழுதிவிடு. ஒன்றரை வரிக்கு மேல் எழுத உனக்கு இப்போது விஷயம் இருக்கிறது.

பலகை கையில் வந்ததும் உனக்கு ஒன்று தோன்றும். காய்ந்த பலகை, அடுப்பில் வைத்தால் கால் மணி நேரத்தில் சாம்பலாகிவிடும், கழற்றும்போது உடைந்துவிட்டது என்று எழுதினால் அம்மாவால் என்ன செய்ய முடியும் என்று தோன்றும். தோன்றாமல் இருக்காது, நீ என் வயிற்றில் பிறந்தவன். வெள்ளிக்கிழமை நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் பள்ளிவாசல் தெருவில் நிற்பேன், ஒன்று விடாமல் சொல்வேன். கேட்டுவிட்டு, இதற்கு என்ன அத்தாட்சி என்று யாராவது கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அத்தாட்சி இருக்கிறது, அது என் மகன் கையில் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்வேன்.

அம்மா